மில் ரோட்டுல ஆறடி

உக்காருங்க தம்பி, உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், ஒரு கால் ஆடுது. போன வாரமே ரிசப்ஷன்ல சொல்லிட்டேன், குறிச்சுக்கறேன்னு சொல்லுச்சு அந்தப் பொண்ணு, குறிச்சதோட சரி. இந்த நாட்டுல எல்லாத்தையும் குறிச்சுக்குவாங்க. இப்படி எம்பக்கத்துல வாங்க. தமிழ்தானே? போன்ல "மாமாவை உள்ள அனுப்பிட்டேன்"னு நீங்க சொன்னது காதுல விழுந்துச்சு. ஒட்டுக் கேக்கலை, தானா விழுந்துச்சு.

மாமனாருக்குத் தோள்பட்டையா? சரியாயிரும், கவலைப்படாதீங்க. நான் குருநாதன். ஊரு அருப்புக்கோட்டை. நியூஜெர்சி வந்து இருபத்தெட்டு வருஷம் ஆச்சு. கம்ப்யூட்டர் வேலை, போன வருஷம் ரிட்டயர்டு. எங்க வீட்டம்மா உள்ள இருக்கா, சந்தனமாரி. இடுப்பு எலும்பு உடைஞ்சு, நடக்கறதுக்குப் பிசியோதெரபி. பதினொண்ணரைக்கு வெளிய வரணும். இப்ப மணி என்ன? பதினொண்ணு அஞ்சா? சரி சரி. இன்னைக்கு நாலு மணிக்குள்ள டவுன்ஷிப் ஆபீஸ்ல, நம்ம நகராட்சி மாதிரி, ஒரு பேப்பர் குடுக்கணும், அதான் மனசு ஒரு நிலையில இல்லை. குடுக்கணுமான்னே இன்னும் முடிவு பண்ணலைன்னு வைங்க.

நீங்க வந்து எட்டு மாசம்தானா? அப்ப உங்களுக்கு இந்த நாடு இன்னும் நல்லா இருக்கும். நல்ல நாடுதான், நான் இல்லேங்கலை. ஆனா ஒரு தப்பு நடந்தா யார் பதில் சொல்றதுன்னு கேட்டுப் பாருங்க. ஒருத்தன் வாயைத் திறக்கட்டும் பாப்போம்.

இல்லை தம்பி, வழுக்கி விழலை. எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. வண்டி இடிச்சது. எங்க வீடு மில் ரோட்டுல. நாங்க இருக்கற பக்கம் வரிசையா பதினோரு வீடு, எதிர்ப்பக்கம் ஒன்பது வீடு. ரோட்டுக் கடைசியில ஒரு ஸ்கூல். நடைபாதை கிடையாது. ரோடு முடியுது, புல்லு ஆரம்பிக்குது, அவ்வளவுதான். மாரி அந்த ஸ்கூல்ல மதியம் பிள்ளைங்க சாப்பிடறப்போ பாத்துக்கற வேலை பாக்குறா. பால் டப்பா பிரிச்சுக் குடுக்கறது, சண்டை விலக்கி விடறது, அந்த மாதிரி மூணு மணி நேரம். கார் ஓட்டத் தெரியாது. நான் ரெண்டு தடவை கத்துக் குடுத்தேன், ரெண்டு தடவையும் அழுதுட்டா. நான் ஒண்ணும் சொல்லலை, சாதாரணமாத்தான் பேசுனேன். அதனால நடந்தே போவா.

மத்த நாள்ல புல்லு மேல நடப்பா. ஜனவரியில பனி தள்ளுற வண்டி ரோட்டுப் பனியையெல்லாம் அள்ளிப் புல்லு மேல குவிச்சிரும், இடுப்பு உயரத்துக்கு. அப்ப எங்க நடக்கறது? ரோட்டுலதான். மத்தியானம் ரெண்டு மணி, நல்ல வெளிச்சம், ஒரு டிரக்கோட பக்கக் கண்ணாடி தட்டி விட்டுருச்சு. ஓட்டுனது பத்தொம்பது வயசுப் பொண்ணு. ஓடிப் போகலை. வண்டியை நிறுத்திட்டு, தன் ஜாக்கெட்டைக் கழட்டி மாரி மேல போத்திட்டு, பக்கத்துல பனியிலயே உக்காந்து அழுதுட்டு இருந்துச்சு. நான் போய்ப் பாக்கறப்போ மாரிதான் அந்தப் பொண்ணுக்கு ஆறுதல் சொல்லிட்டு இருக்கா. அந்தப் பிள்ளையை நான் குத்தம் சொல்ல மாட்டேன். ரோடு அப்படி.

ரெண்டு நாள் கழிச்சு ஆபரேஷன் முடிஞ்சதும் நான் போனை எடுத்தேன். விடக்கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன். டவுன்ஷிப்புக்குப் போட்டா, "ஐயோ, மில் ரோடு எங்களது இல்லையே, அது கவுண்டி ரோடு"ங்கறான். கவுண்டின்னா நம்ம ஜில்லா மாதிரி. அங்க போட்டா, "ரோடு எங்களுதுதான், ஆனா நடைபாதைக்கு மாநில அரசு உதவணும்"ங்கறான். மாநிலத்துல ஒரு அம்மா, ரொம்ப மரியாதையாப் பேசுச்சு, "இதெல்லாம் வாஷிங்டன்ல இருந்து வரணும், உங்க காங்கிரஸ்மேனைக் கேளுங்க"ன்னுச்சு. காங்கிரஸ்மேன்னா நம்ம எம்.பி. மாதிரி, அவர் ஆபீஸ்ல மெஷின் பேசுது. உங்கள் குரல் எங்களுக்கு முக்கியம்னு சொல்லிட்டு, குரலைப் போட இடமில்லை, பெட்டி நிறைஞ்சு போச்சுன்னு வச்சிருச்சு. சரின்னு நாலு பக்கம் லெட்டர் எழுதுனேன். மூணு வாரம் கழிச்சுப் பதில் வந்துச்சு. என்னன்னு நினைக்கறீங்க? சோளப் பயிர் மானியம் பத்தி நீங்கள் அக்கறையோடு எழுதியதுக்கு நன்றின்னு! சோளமா? நான் சோளத்தைப் பத்தி ஒரு எழுத்து எழுதலையேய்யா! அன்னையில இருந்து தினம் காலையில நன்கொடை கேட்டு ஒரு மெயில் வருது. அதுக்கு மட்டும் என் பேரைச் சரியா எழுதுறான்.

சிரிக்கிறீங்க. சிரிங்க. நான் அப்ப வீட்டுக்குள்ள குறுக்கயும் நெடுக்கயும் நடந்துக்கிட்டே இருந்தேன். மாரி கட்டில்ல படுத்துக்கிட்டு, "ஏங்க, நீங்களாவது உக்காருங்க"ம்பா.

ஜனங்க எப்படின்னு கேட்டா, அதையும் சொல்லிடறேன். எங்களுக்கு இடது பக்க வீட்டுல ராபர்ட், வலது பக்கம் கிளென். ஒருத்தர் வாசல்ல நீலப் பலகை, இன்னொருத்தர் வாசல்ல சிவப்புப் பலகை, ஆளுக்கொரு கட்சி. ரெண்டு எலெக்ஷனா ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாக்கறதில்லை. மாரிக்கு அடிபட்டுருச்சுன்னு ராபர்ட் சூப் கொண்டு வந்தார். அதே நேரத்துக்குக் கிளென் பாத்திரத்தோட வந்துட்டார். ராபர்ட் உள்ள இருக்கார்னு தெரிஞ்சதும் கார்லயே உக்காந்துட்டார் மனுஷன், இருபது நிமிஷம், மடியில சூடான பாத்திரத்தை வச்சுக்கிட்டு. இவர் வெளிய போனப்புறம் அவர் உள்ள வந்தார். ரெண்டு பேரும் தங்கமானவங்க. இந்த நாட்டை யாரோ நடுவுல கோடு போட்டுப் பிரிச்சு விட்டுட்டாங்க தம்பி.

சரி, டவுன்ஷிப் கவுன்சில் கூட்டத்துக்கு நேர்லயே போயிருவோம்னு போனேன். மாசம் ரெண்டு தடவை கூடுவாங்க. மேயர் ஒரு அம்மா, ஆறு கவுன்சிலர். பொதுஜனம் யாரு வேணா பேசலாம், ஆனா ஆளுக்கு மூணு நிமிஷம். எதிர்ல பெரிய கடிகாரம், செகண்டு செகண்டாக் குறையும். நமக்கென்ன பயம்? இங்க தமிழ்ச் சங்கத்துல பதினெட்டு வருஷமா வரவேற்புரை நான்தான். பொங்கல் விழாவா, சித்திரையா, குருநாதன் மைக்கைப் பிடிச்சா மேடையில ஒரு ஆள் பேர்கூட விட்டுப் போகாது.

போய் நின்னேன். சபைன்னா ஒரு முறை இருக்கில்ல? மதிப்பிற்குரிய மேயர் அம்மையார் அவர்களேன்னு ஆரம்பிச்சேன், இங்கிலீஷ்லதான். துணை மேயர் அவர்களே. அஞ்சு கவுன்சிலர் பேரையும் முதல் நாளே மனப்பாடம் பண்ணி வச்சிருந்தேன், ஒவ்வொருத்தரையும் பேர் சொல்லி, ஆளுக்கு ஒரு வார்த்தை நல்லதாச் சொன்னேன். தீயணைப்பு அதிகாரி ஓரமா உக்காந்திருந்தார், அவரை விடலாமா? குறிப்பு எடுக்கற லொரெய்ன் அம்மாவை? கேமரா வச்சிருந்த பையனைக்கூட விடலை. எல்லாரும் சிரிச்ச முகமாக் கேட்டாங்க. "இப்போது நான் விஷயத்துக்கு வருகிறேன்"னு சொன்னேன் பாருங்க, பொய்ங்னு மணி அடிச்சிருச்சு. மேயர் அம்மா, "ரொம்ப நன்றி, இவ்வளவு அன்பா இங்க யாரும் பேசுனதில்லை, அடுத்தவர்"னுருச்சு. அடுத்தவர் நாய் கட்டற சட்டத்தைப் பத்திப் பேச வந்துட்டார். நான் மைக்கைப் பிடிச்சபடி நிக்கறேன்.

வீட்டுக்கு வந்தா மாரி எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல நேரடியாப் பாத்திருக்கா. "என்னை வண்டி இடிச்சதைச் சொல்லவே இல்லையேங்க"ன்னா. கோவமாக்கூடச் சொல்லலை.

மணி பாத்தீங்களா? இருபதா? சரி. அந்தக் கதவுதான், அது வழியாத்தான் வரணும்.

அடுத்த கூட்டத்துக்கு ஒரு ஏற்பாட்டோட போனேன். விசாரிச்சதுல ஒரு விஷயம் தெரிஞ்சது. ஏழு வருஷத்துக்கு முன்னாடியே மில் ரோட்டுக்கு நடைபாதை போடத் திட்டம் வந்திருக்கு, அனுமதியெல்லாம் ஆகி, அப்புறம் யாரோ தடுத்து நிறுத்திட்டாங்க. யாரோ! விடுவேனா? நம்ம ஊர்ல தகவல் உரிமைச் சட்டம் இருக்கில்ல, அதே மாதிரி இங்கயும் உண்டு. மனு போட்டேன். தடுத்தது யார், எழுதிக் குடுத்தது யார், பேர் பேரா வேணும்னு. மாரியையும் கூட்டிட்டுப் போனேன். வாக்கர் வச்சுக்கிட்டு முன் வரிசையில உக்காரட்டும், அவங்க கண்ணால பாக்கட்டும், அப்பதான் உறைக்கும்னு நினைச்சேன்.

இந்தத் தடவை வணக்கம் ஒண்ணே ஒண்ணு. நேரா விஷயம். "என் மனைவியோட இடுப்பு எலும்புக்கு யார் பொறுப்பு? இந்தச் சபை பதில் சொல்லணும். என் மனுவுக்குப் பதில் எங்கே?"ன்னு கேட்டேன். ஜனங்க கை தட்டுனாங்க தம்பி. ராபர்ட்டும் கிளென்னும் ரெண்டு மூலையில இருந்து தட்டுனாங்க. மேயர் அம்மா லொரெய்ன் அம்மாவைப் பாத்துச்சு, அது ஒரு ஃபைலைக் காட்டுச்சு. "காகிதங்கள் தயாரா இருக்கு, வீட்டுக்கு அனுப்பி வைக்கட்டுமா"ன்னு மேயர் கேட்டுச்சு. நான், "எதுக்கு வீட்டுக்கு? இங்க, இப்ப, எல்லாருக்கும் முன்னாடி படிங்க"ன்னேன். "நிச்சயமாவா, மிஸ்டர் குருநாதன்?"னு ரெண்டாந் தடவை கேட்டுச்சு. அது நல்ல எண்ணத்துலதான் கேட்டிருக்கு, இப்ப புரியுது. எனக்கு அப்ப வேகம். "படிங்க!"ன்னேன்.

லொரெய்ன் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் படிச்சுச்சு. நடைபாதைக்கு ஆட்சேபணை, இருபத்தோரு கையெழுத்து, மனுவை எழுதிச் சமர்ப்பித்தவர், மில் ரோடு நாப்பத்திரண்டாம் நம்பர், குருநாதன்.

என்ன அப்படிப் பாக்கறீங்க? நான் மறைக்கலை தம்பி. மறந்துட்டேன். ஏழு வருஷம் ஆச்சு, எத்தனையோ மனு எழுதியிருக்கேன். தெருவுல எல்லாரும் வந்து, "குரு, நீ நல்லா எழுதுவே, நீயே எழுதிக் குடு"ன்னு கேட்டாங்க. நீலமும் சிவப்பும் சேந்து கையெழுத்துப் போட்டது அந்த ஒரு காகிதத்துலதான். என் வீட்டு மேஜையில வச்சுத்தான் போட்டாங்க, மாரிதான் எல்லாருக்கும் டீ போட்டுக் குடுத்தா. அது எதுக்குன்னு அவளுக்குத் தெரியாது, அவ கேக்கலை, நானும் சொல்லலை. அப்புறம் ஒண்ணு, நான் நடைபாதை வேண்டாம்னு சொல்லவே இல்லை. எதிர்ப்பக்கம் போடுங்கன்னுதான் எழுதுனேன். எதிர்ப்பக்கத்துக்காரன் இந்தப் பக்கம் போடுன்னு எழுதுனான். அதுல திட்டம் படுத்துருச்சுன்னா நான் என்ன பண்றது?

லொரெய்ன் அம்மா நிறுத்தியிருக்கலாம். நிறுத்தலை. பதினாலு காரணம் எழுதியிருந்தேன், பதினாலையும் படிச்சுச்சு. ஒன்பதாவது வந்தப்பதான்... சரி, சொல்லிடறேன். "மில் ரோட்டில் நடந்து செல்பவர்கள் எவரும் இல்லை. இத்தனை ஆண்டுகளில் ஒருவரைக்கூட நான் கண்டதில்லை."

மாரி அப்பவே ரெண்டு வருஷமா ஸ்கூலுக்கு நடந்து போய்ட்டிருந்தா.

நடந்து செல்பவர்கள்னா பொதுஜனம் தம்பி! வீட்டு ஆளையெல்லாம் அதுல சேர்ப்பாங்களா? ஒரு மனு எழுதுறப்போ யாரு அதையெல்லாம் யோசிக்கிறாங்க? நீங்களே சொல்லுங்க. சொல்லுங்க, பரவாயில்லை. சரி, சொல்ல வேணாம்.

படிச்சு முடிச்சதும் கடிகாரத்தை மறுபடி ஓட விட்டாங்க. எனக்கு இன்னும் நாப்பது செகண்டு பாக்கி. பதினெட்டு வருஷ வரவேற்புரைக்காரன், மைக்கை விட்டுட்டேன். வந்து உக்காந்தேன். பாத்தா மாரி எந்திரிக்கிறா. வாக்கரைத் தள்ளிக்கிட்டு டக்கு டக்குனு மைக்குக்குப் போறா. இருபத்தெட்டு வருஷத்துல அவ மைக்குல பேசுனதே கிடையாது. அவ இங்கிலீஷ், ஸ்கூல் பிள்ளைங்ககிட்ட கேட்டுக் கேட்டுக் கத்துக்கிட்டது, சின்னச் சின்ன வாக்கியமாத்தான் வரும்.

"என் பேர் சந்தனமாரி. நான் மில் ரோட்டுல நடக்கறேன். ஒன்பது வருஷமா தினம் நடக்கறேன். யாரும் என்னைப் பாக்கலை. என் புருஷனும் பாக்கலை. எனக்கு நடைபாதை வேணும்."

அவ்வளவுதான். அரை நிமிஷம் ஆகலை. மேயர் நன்றின்னு சொல்லுச்சு. மாரி நகரலை. "என் நேரம் இன்னும் இருக்கு"ன்னா. இருந்துச்சு, ரெண்டரை நிமிஷம். அந்த ரெண்டரை நிமிஷமும் வாக்கரைப் பிடிச்சுக்கிட்டு ஒவ்வொருத்தர் முகமாப் பாத்துட்டு நின்னா. ஏழு பேரையும் பாத்தா. திரும்பி ராபர்ட்டைப் பாத்தா, கிளென்னைப் பாத்தா. என்னைப் பாக்கலை. மணி அடிச்சப்புறம்தான் வந்து உக்காந்தா.

இதை வீட்டுல வச்சுப் பேசியிருக்கலாமா இல்லையா? அதான் என் ஒரே கேள்வி. நான் யாருக்காக ஓடுனேன்? அவளுக்காகத்தானே!

அன்னைக்கே தீர்மானம் போட்டுட்டாங்க. ஏழுக்கு ஏழு. எங்க பக்கமே நடைபாதை. பதினோரு வீடும் வாசல்ல ஆறடி விட்டுக் குடுக்கணும், வீட்டு உரிமையாளர் எல்லாரும் கையெழுத்துப் போடணும், ஒரு வீடு இல்லைன்னாலும் திட்டம் வேற ஊருக்குப் போயிரும். கடைசித் தேதி இன்னைக்கு. நாலு மணி.

பத்து வீடு குடுத்துருச்சு. ராபர்ட்டும் கிளென்னும் ஒரே கார்ல போய்க் குடுத்துட்டு வந்தாங்க, இந்தக் கண்ணால பாத்தேன். எங்க வீடு ரெண்டு பேர் பேருலயும் இருக்கு. மாரி முதல் நாளே போட்டுட்டா, தமிழ்ல முழுப் பேரும் எழுதி. கீழ இன்னொரு கோடு காலியா இருக்கு. அந்தப் பேப்பர்தான் இது, இந்தாங்க பாருங்க, சட்டைப் பையிலயே வச்சிருக்கேன்.

ஆறடின்னா சும்மா இல்லை தம்பி. பதினெட்டு வருஷமா முழங்கால் போட்டுக் களை பிடுங்குன புல்லு. ரெண்டு தடவை தெருவுலயே நல்ல புல்லுன்னு பலகை குடுத்திருக்காங்க. நான் போட மாட்டேன்னு சொல்லலை. முதல்ல அந்தக் கவுண்டிக்காரன் எழுத்துல குடுக்கட்டும், இது எங்க தப்புன்னு. காங்கிரஸ்மேன் ஒரு வார்த்தை சொல்லட்டும். பொறுப்புன்னா மேல இருந்துதானே ஆரம்பிக்கணும்? மேல உள்ளவன் எல்லாம் தப்பிச்சுட்டுப் போவான், கடைசியில குருநாதன் புல்லுதான் கிடைச்சுதா?

வீட்டுல சண்டையே இல்லை. அதான் தாங்க முடியலை. ரசம் ஊத்தட்டுமாங்கறா, மாத்திரை போட்டீங்களாங்கறா. பேப்பரைப் பத்தி ஒரு பேச்சு இல்லை. கத்தினாலாவது பதில் சொல்லலாம். ராத்திரி பகலா அந்தக் கூடத்துல நடந்துட்டே இருக்கேன்.

இதோ வந்துட்டா. வா மாரி. பாத்தீங்களா, வாக்கர் இல்லாம கைத்தடியோட வர்றா! இவர் நம்மூர்த் தம்பி, மாமனாரைக் கூட்டிட்டு வந்திருக்கார். வலி எப்படி இருக்கு? இரு, காரை வாசலுக்கு எடுத்துட்டு வர்றேன். என்னது? எங்க போற? டவுன்ஷிப் ஆபீஸுக்கா? நீ எதுக்கு, பேப்பர் எங்கிட்ட... என்ன சொல்லப் போற? என்ன மாரி இது, தம்பி முன்னாடி... நான் ஓட்டிட்டுப் போறேன்கறேன்ல. ஏய், இரு!

போறா பாருங்க. கேட்டீங்கள்ல அவ சொன்னதை? "நம்ம வீட்டுப் பேப்பர் வராதுன்னு சொல்லிட்டு வர்றேன். பத்து வீட்டுக்காரங்க நம்பிக்கிட்டு இருக்காங்க, யாராவது ஒருத்தர் நேர்ல போய்ச் சொல்லணும்ல"ங்கறா. எனக்காக இவ போய்ப் பதில் சொல்வாளாம்! அரை மைல் தம்பி! இன்னும் கைத்தடி கூடப் பழகலை. வீம்பு. கொஞ்ச தூரம் போவா, கால் வலிச்சா தானா நிப்பா. நான் போகலை. நான் எதுக்குப் போகணும்?

நிக்கலையே. ரோட்டுக்கு ஏறிட்டா. இந்தக் கண்ணாடி வழியா உங்களுக்குத் தெரியுதா? அந்த லாரிக்காரன் பாக்குறானா அவளை? எத்தனை வேகம் வர்றான்! மாரீ! கேக்காது, இங்கேருந்து கேக்காது. ஓரமா நட! ஓரமா நடன்னு எங்க சொல்றது, அங்க ஓரமே இல்லையே, அங்கயும் புல்லு ரோட்டை முட்டிக்கிட்டு நிக்குது. எந்தப் பாவிய்யா இங்க...

தம்பி, பேனா வச்சிருக்கீங்களா? இருந்தாக் குடுங்க, குடுங்க சீக்கிரம். இல்லை, இங்க போட வேணாம், அவ முன்னாடி போட்டுக்கறேன். நீங்க இந்தக் கதவைக் கொஞ்சம் பிடிங்க, நான் ஓடணும்.